வீதியை உயர்த்தினால் வெள்ளம் எங்கே போகும்? நெடுஞ்சாலைத் திட்டமிடலில் ஊராரின் உரிமை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஊருக்கும் வாவிக்கும் இடையே செல்லும் வீதியை அகலப்படுத்தி உயர்த்தப்போவதாக நில அளவையாளர்கள் கட்டை அடித்துவிட்டுச் சென்றிருக்கிறார்கள். மக்களுடனான கலந்தாலோசனைக் கூட்டம் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டதாக அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஊரில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்ததே தெரியாது. 'சுற்றாடல் நீதி' என்று வெளிநாடுகளில் பேசப்படுவது எங்கள் வீதிக்கும் பொருந்துமா, இனியும் நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்பதே அவர் கேட்பது.

பொருந்தும், செய்யக்கூடியதும் உண்டு. ஆனால் காலம் குறுகியது. வீதியின் கோடு வரைபடத்தில் உறுதியாவதற்கு முன்னர் சொல்லப்படும் ஒரு சொல்லுக்கு இருக்கும் வலு, அதன் பின்னர் எழுதப்படும் நூறு முறைப்பாடுகளுக்கு இருப்பதில்லை. அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

'சுற்றாடல் நீதி' என்ற சொல்லின் பிறப்பிலேயே ஒரு வீதி இருக்கிறது. 1978 இல் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிசிபி எனப்படும் நச்சு இரசாயனம் கலந்த எண்ணெயை நெடுஞ்சாலைகளின் ஓரமாகச் சட்டவிரோதமாக ஊற்றிச் சென்றார்கள். அந்த நச்சு மண்ணை வாரி எங்கே புதைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வறிய பகுதியான வாரன் கவுண்டி தெரிவுசெய்யப்பட்டது. 1982 இல் அங்கு மக்கள் வீதியில் படுத்து லொறிகளை மறித்தார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டார்கள். அதற்கும் முன்னர், 1966 இல், நியூ ஓர்லியன்ஸ் நகரின் கிளைபோர்ன் அவெனியூவில் கறுப்பின மக்களின் கடைத்தெருவுக்கு நிழல் தந்து நின்ற ஓக் மரங்கள் வெட்டப்பட்டு, அவை நின்ற இடத்தில் மேம்பால நெடுஞ்சாலை எழுந்திருந்தது. இத்தகைய அனுபவங்கள் சேர்ந்து, 1994 இல் ஜனாதிபதி கிளின்டன் சுற்றாடல் நீதி தொடர்பாகப் பிறப்பித்த 12898 ஆம் இலக்க நிறைவேற்று ஆணைக்கு வழிகோலின. அதைத் தழுவி அந்நாட்டின் போக்குவரத்துத் திணைக்களம் மூன்று விடயங்களை வகுத்துக்கொண்டது. வீதித் திட்டத்தின் தீங்கு வறியோர் மீதும் சிறுபான்மையினர் மீதும் அளவுக்கு மிஞ்சி விழக்கூடாது என்பது முதலாவது. பாதிக்கப்படக்கூடிய எல்லாருக்கும் தீர்மானத்தில் நியாயமான பங்கு இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. திட்டத்தால் வரும் நன்மை அவர்களுக்கு மறுக்கப்படவோ தாமதமாக்கப்படவோ கூடாது என்பது மூன்றாவது. அந்த ஆணை 2025 ஜனவரியில் இன்னொரு ஜனாதிபதியின் கையொப்பத்தால் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது நம்முடைய சட்டங்களையே.

அந்த மூன்றாவது விடயத்தை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மட்டக்களப்பில் அநீதி என்பது வீதி வந்ததால் மட்டும் நேர்ந்ததன்று. வீதி வராமல் விட்டதாலும் நேர்ந்தது. எழுவான்கரையில் தார் வீதியும் பேருந்தும் மருத்துவமனையும் இருக்க, வாவியின் மறுகரையில் கிறவல் வீதியும் படகுப் பாதையுமே பல தலைமுறைகளின் விதியாக இருந்தன. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை, பேறுகால வலியெடுத்த பெண்ணையும் பாம்பு கடித்த விவசாயியையும் அந்த இடத்தில் படகுப் பாதையில்தான் ஏற்றி வந்தார்கள். எனவே உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாரேனும் எழுந்து, "வீதியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. வீதி வேண்டும். அது எந்த உயரத்தில், அடியால் நீர் கடந்துபோக எத்தனை மதகுகளோடு, எவருடைய வளவை எடுத்துக்கொண்டு வரப்போகிறது என்பதே உங்கள் கேள்வி.

நம் நிலத்தில் இந்தக் கேள்வியின் உயிர்நாடி தண்ணீர். மட்டக்களப்பும் அம்பாறையின் கரையோரமும் ஏறத்தாழத் தட்டையான நிலங்கள். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்கு மேற்கிலிருந்து ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் வந்து சேர்கின்றன. மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நீர் வயல் கண்டங்களின் மேலாகப் பரந்து, மெதுவாக நகர்ந்து, வாவிக்குள் இறங்கி, முகத்துவாரத்தால் கடலுக்குப் போக வேண்டும். வாவியின் கரைக்குச் சமாந்தரமாகவோ வயலுக்குக் குறுக்காகவோ உயர்த்திப் போடப்படும் வீதி எதுவாயினும், பொறியியலாளர் அதை எந்தப் பெயரால் அழைத்தாலும், தண்ணீருக்கு அது ஓர் அணைக்கட்டே. அணைக்கு வாய் எத்தனை, அந்த வாய்களின் அகலம் என்ன, அவற்றின் அடிமட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே மேற்புறத்து ஊர் இரண்டு நாள் நனைவதா பத்து நாள் ஊறுவதா என்பது முடிவாகிறது.

வீதி அளவைகள் பெரும்பாலும் கோடையில் நடைபெறுகின்றன. ஜூலை மாதத்தில் அந்த வழியாக நடந்து செல்லும் ஓர் அளவையாளருக்குக் காய்ந்த வரம்புகளும் மாடு மேயும் தரவைகளும்தான் தெரியும். மாரியில் எந்தப் பள்ளத்தால் நீர் முதலில் இறங்கும், எந்தப் பழைய ஓடை பத்து வருடங்களுக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருடைய கருவிக்குப் புலப்படாது. அதை அறிந்தவர்கள் வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமாரும், வலை வீசும் மீனவர்களும், வெள்ளத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடிய தாய்மாரும். பல வருடங்களுக்கு முன்னர், நான் மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருந்த ஒரு கள விஜயத்தில், வரைபடத்தில் ஒரேயொரு சிறிய குழாய் மதகு குறிக்கப்பட்டிருந்த இடத்தில் முதியவர் ஒருவர் நின்றுகொண்டார். தன் கையிலிருந்த தடியை நிலத்தில் ஊன்றி, 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியின்போது நீர் எந்த உயரத்தில் நின்றது, 2011 ஜனவரி வெள்ளத்தில் எந்த உயரத்தில் நின்றது என்று அவர் காட்டினார். இளம் பொறியியலாளர் ஒருவர் அதைப் பொறுமையாகக் கேட்டு, இரண்டு மட்டங்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்னர் அந்த இடத்தில் அகலமான பெட்டி மதகு கட்டப்பட்டது. அந்த முதியவர் அன்று வயலுக்குப் போயிருந்தால் அங்கு குழாய்தான் வந்திருக்கும். அறிவு ஊரில் இருந்தும், அது வரைபடத்தை அடைவது தற்செயலில் தங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்துகொண்டிருந்தபோது, மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் எவரும் மறக்க முடியாது. தாழ்ந்த வீதியும், நீர் மேலால் பாயவிடும் தாம்போதியும் வெள்ளத்துக்கு வழி விடுகின்றன. ஆனால் மனிதருக்கு வழி மறுக்கின்றன. ஆகவே வீதியை உயர்த்தாதீர்கள் என்று கேட்பதும் நீதியாகாது. உயர்த்துங்கள், ஆனால் உயர்த்தும் அளவுக்கு வாயையும் அகலமாக்குங்கள், ஆற்றுவாழை என்ற நீர்ச்செடி வந்து அடைக்காத அகலத்தில் கட்டுங்கள், வடிச்சல் வாய்க்காலை வாவி வரை கொண்டுபோய்ச் சேருங்கள் என்றே கேட்க வேண்டும். செலவைக் குறைக்கும்போது பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது மதகுகளும் வடிகால்களும்தான். அகலமான தார்ப் பரப்பு எல்லாருக்கும் தெரியும்; மதகின் உள்ளகலம் வெள்ளம் வரும் வரை எவருக்கும் தெரியாது.

வீதியோரத்து வீடுகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பழைய வீதியின் மேல் படைபடையாகப் போடப்படும்போது, ஒரு காலத்தில் வீதியைவிட உயரமாக இருந்த திண்ணை இப்போது வீதியைவிடத் தாழ்ந்துபோகிறது. மழை நீர் வளவுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்குகிறது. வீட்டின் அத்திவாரத்தை உயர்த்தப் பணம் உள்ளவர் உயர்த்திக்கொள்கிறார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறிய வீட்டோடு இருப்பவர் மண்மூட்டை அடுக்குகிறார். ஒரே வீதி, ஒரே மழை, ஆனால் துன்பம் பங்கிடப்படுவது பணத்தின்படி. சுற்றாடல் நீதி என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காணி பற்றிய பகுதி நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கொண்டது. கிழக்கில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போய்ச் சேர்கின்றன. கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். ஆனால் கலந்தாலோசனைக் கூட்டத்தில் குடும்பத் தலைவர் என்று பெயர் பதியப்படுபவர் ஆண். படிவத்தில் கையொப்பமிடுபவரும் பெரும்பாலும் ஆண். வளவில் இரண்டு பேர்ச் போகிறது என்றால் எந்தத் தென்னை போகும், எந்தக் கிணறு வீதிக்கு நெருங்கிவிடும், அடுத்த மகளுக்கு வீடு கட்ட ஒதுக்கிய துண்டு மிஞ்சுமா என்பதெல்லாம் தெரிந்தவர் காணி உறுதியில் பெயர் உள்ள பெண்தான். அவர் இல்லாத கூட்டத்தைக் காணி உரிமையாளர் கூட்டம் என்று சொல்வது பிழை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பெண்களுக்கென்று தனியான கூட்டம் கேளுங்கள். பிற்பகலில், சமையலும் பாடசாலையும் முடிந்த நேரத்தில் கேளுங்கள்.

ஆவணம் இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு சொல். சூறாவளியிலும், யுத்த இடப்பெயர்வுகளிலும், 2004 ஆழிப்பேரலையிலும் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்தவர்கள் இங்கு ஏராளம். 1950 ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டம் ஆவணத்தை நோக்கியே பேசுகிறது. ஆனால் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட 2001 ஆம் ஆண்டின் தேசிய கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, ஆவணப்படுத்தப்பட்ட உரிமை இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. வீதியோரத்தில் தயிரும் மீனும் பழமும் விற்பவர்களையும் கருத்தில் எடுக்குமாறு கேட்க இந்தக் கொள்கையைத்தான் துணைக்கு எடுக்க வேண்டும்.

இனிச் சட்டம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 இல் செய்யப்பட்ட திருத்தமே, ஒரு திட்டம் சுற்றாடலுக்குச் செய்யும் பாதிப்பை முன்கூட்டியே ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்பதை 1993 ஆம் ஆண்டு வர்த்தமானி கூறுகிறது. 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமான தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை அமைத்தல், 100 குடும்பங்களுக்கு மேல் மீள்குடியேற்றல், 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புதல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. முழுமையான மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், அது பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளிவர வேண்டும். எழுத்துமூலம் கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை அறிக்கை மட்டும் போதும் என்று தீர்மானிக்கப்பட்டால் அந்தக் கருத்துக்கூறும் காலம் கிடைப்பதில்லை. ஆயினும் அந்த அறிக்கை பொது ஆவணம், அதைப் பார்வையிட எவருக்கும் உரிமை உண்டு. ஏற்கனவே உள்ள வீதியை அகலப்படுத்துவதாகவோ 10 கிலோமீற்றருக்குக் குறைந்த துண்டாகவோ ஒரு திட்டம் காட்டப்படும்போது முழு மதிப்பீடு தேவையில்லை என்ற வாதம் எழும். உங்கள் வீதியின் முழு நீளம் என்ன, அடுத்த துண்டு எப்போது வரப்போகிறது, வாவியோரத்தில் எவ்வளவு நிலம் நிரப்பப்படும் என்று முதலிலேயே கேட்க வேண்டியதன் காரணம் இதுதான். கண்டல் நிற்கும் வாவிக்கரை கரையோர வலயத்துக்குள் அடங்குமாயின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழும் அனுமதி பெறப்பட வேண்டும்.

கோடு உறுதியாவதற்கு முன்னர் பேச வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழக்கே சான்று. அங்கு மதிப்பீடு செய்யப்பட்ட பாதையிலிருந்து இறுதிப் பாதை சில இடங்களில் விலகியது. விலகிய பகுதியில் காணி இருந்தவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கில், 2004 இல் உயர் நீதிமன்றம், அவர்களுக்குச் செவிமடுக்கப்படாதது இயற்கை நீதிக்கும், சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரைக்கும் மாறானது என்று தீர்த்து, ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. உரிமை நிலைநாட்டப்பட்டது, பாதை மாறவில்லை. அதே திட்டம் பற்றி, அதற்கு நிதியளித்த ஆசிய அபிவிருத்தி வங்கியின் இணக்க மீளாய்வுக் குழு 2005 இல் அறிக்கையிட்டபோது, வங்கி தன் சொந்தக் கொள்கைகளையே முழுமையாகப் பின்பற்றவில்லை என்று கண்டது. அந்த முடிவும் காணிகள் போன பின்னரே வந்தது.

கூட்டம் நடந்து முடிந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதை நான் இவ்வாறு பார்க்கிறேன். வேலைநாள் ஒன்றின் காலையில், அறுவடைக் காலத்தில், பாடசாலை மண்டபத்தில் கூடி, ஆங்கிலத்தில் அமைந்த வரைபடம் சுவரில் காட்டப்பட்டு, வருகைப் பதிவில் கையொப்பம் வாங்கப்பட்டால் அது அறிவித்தல் மட்டுமே. மக்களைக் கேட்டுத் தீர்மானிப்பது எப்படி என்பதை நம் மாவட்டங்கள் வெளியாரிடம் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் திகதியில் நீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, எந்தக் கண்டத்துக்கு எவ்வளவு, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று விவசாயிகள் வாதிட்டு முடிவெடுக்கிறார்கள். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்த முடிவுகள் எல்லாரையும் கட்டுப்படுத்துகின்றன. அரச அதிகாரிகள் அதே மேசையில் இருக்கிறார்கள். வாவி நீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுவதிலும் வயலைக் காக்க விரும்புபவருக்கும் இறாலையும் மீனையும் நம்பியிருப்பவருக்கும் வேறுபட்ட நலன்கள் உண்டு என்பது இங்கு சிறுவருக்கும் தெரியும். தண்ணீரை எப்போது திறப்பது என்பதில் ஊரின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, அதே தண்ணீரின் வழியை அடைக்கக்கூடிய வீதியைப் பற்றிய கூட்டம் மட்டும் கையொப்பத்தோடு முடிவது ஏன் என்று உங்கள் விவசாய அமைப்பு எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்த எழுத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டங்கள் பற்றிய தகவலை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. விண்ணப்பத்தில் 'திட்ட விபரம் தருக' என்று பொதுவாக எழுதாதீர்கள். வீதியின் முடிவு மட்டம் எவ்வளவு, இப்போதைய மட்டத்தைவிட எவ்வளவு உயர்வு, மதகுகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எந்த அளவில் வருகின்றன, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக அவை கணிக்கப்பட்டன, நடந்ததாகக் கூறப்படும் கூட்டத்தின் அறிக்கையும் வருகைப் பதிவும் எங்கே, முறைப்பாடுகளைக் கேட்கும் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். நிதி வெளிநாட்டு வங்கி ஒன்றிலிருந்து வருமானால் அதன் பாதுகாப்புக் கொள்கையையும் கேளுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கிக்குத் தமிழிலும் முறைப்பாடு எழுதலாம்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்துள்ளன. ஓர் ஊர் தன் பக்கத்து மதகைக் கேட்டு வாங்கி, நீரை அடுத்த ஊரின் வளவுகளுக்குள் தள்ளிவிட்டால், பொறியியல் பிழை ஒன்று இனப் பகையாக மாறிவிடும். ஆகவே மனுவில் கையொப்பமிடுவதற்கு முன்னர் அயலூர்ப் பள்ளிவாசல் நிருவாகத்தையும் ஆலய பரிபாலன சபையையும் மீனவர் சங்கத்தையும் ஒன்றாக அமர்த்தி, நீர் போகும் முழு வழியையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டாவது, வீதிக்கான கிறவலும் கருங்கல்லும் மணலும் வெட்டப்படும் ஊர்கள். அவை வீதியிலிருந்து பல மைல் தொலைவில் இருக்கும். டிப்பர்களின் தூசும் உடைந்த ஊர்வீதியும் மூடப்படாத குழிகளும் அவர்களுக்கு, வழுக்கிச் செல்லும் புதிய வீதி நமக்கு. அந்த ஊராரையும் கூட்டத்துக்கு அழைக்குமாறு கேட்பது உங்கள் கடமை.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன்னர், கட்டை அடிக்கப்பட்ட வழி நெடுகிலும் முதியவர்கள் நால்வரையும் பெண்கள் நால்வரையும் அழைத்துக்கொண்டு நடவுங்கள். 2011 இலும் 2024 இலும் வெள்ளம் நின்ற மட்டத்தைப் பாடசாலைச் சுவரிலும் கோவில் மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் நிறத்தால் குறித்து, திகதியோடு படமெடுத்து, இடங்களை வரைபடத்தில் இலக்கமிட்டு, கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்தோடு பிரதேச செயலகத்துக்கும் வீதித் திட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். மாரி வந்ததும் அதே இடங்களில் மறுபடி படமெடுத்து, முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு, இரண்டாவது கடிதத்தையும் அனுப்புங்கள்.